நீரில் ஒரு நாற்றங்கால்

மேலூர் வட்டாரத்தில் கோடை நெருங்கிக் கண்மாய்கள் வற்றத் தொடங்கியதும் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். சுற்றுப்பட்டிகளுக்கு முன்னரே செய்தி போய்விடும். விடிவதற்குள் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பெருங்கூட்டம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியவுடன் கூட்டம் மொத்தமும் நீருக்குள் இறங்கும். பிடித்த மீனை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதப்படாத சட்டம்.

அந்தக் கூடைகளில் விழும் மீன்கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை அல்ல. விரால், கெளுத்தி, அயிரை ஆகியவை தண்ணீரோடு தாமே வந்து சேர்ந்தவை. கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் மீன்கள். யாரோ பணம் கொடுத்துக் குஞ்சாக வாங்கிவந்து விட்டதால் இங்கே இருப்பவை. ஜிலேபி என்று நம் மக்கள் செல்லமாக அழைக்கும் திலேப்பியா ஆப்பிரிக்க மீன். அது மண்டபம் கடற்கரை வழியாகத் தமிழகத்துக்குள் வந்தது. ஆக, ஒரு கண்மாய்க்குள் மூன்று வரலாறுகள் நீந்துகின்றன. மூன்றையும் பிரிப்பது ஒரே கேள்விதான்: குஞ்சு எங்கிருந்து வந்தது, அது யார் கையில் இருந்தது?

அண்மைக் காலமாகக் கடலோரக் குடும்பங்களுக்குத் துணை வருவாயாக இளம் மீன்குஞ்சு வளர்ப்பு பரிந்துரைக்கப்படுகிறது. இதைப் புத்தம்புதிய திட்டம் போலப் பேசுகிறார்கள். ஆனால் இதன் பின்னால் நூற்றைம்பது ஆண்டுக் கதை ஒன்று உண்டு. கதையின் முன்பாதி உள்நாட்டு நன்னீரிலும் பின்பாதி உப்பங்கழியிலும் நடக்கிறது. மேலூர் போன்ற ஒரு மருத நிலத்து ஊரிலிருந்து தொடங்கினால்தான் நெய்தலின் பாதி விளங்கும் என்பது என் எண்ணம்.

*

கண்மாய் மீன் ஊருக்கு வருமானம் என்பது நம்மிடம் மிகப் பழைய கருத்து. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்ற சொல் வருகிறது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகை அது. ஏரி மீனால் வந்த வருவாயை ஏரியையே தூர் வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கிய ஏற்பாடுகள் பல ஊர்களில் இருந்திருக்கின்றன. நீர் மீனைத் தந்தது. மீன் நீரைக் காத்தது. ‘மீன்பாசிக் குத்தகை’ என்று இன்றும் ஏல அறிவிப்புகளில் அச்சாகும் தொடரில் அந்தப் பழைய ‘பாசி’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வருவாய் கரைக்குத் திரும்பும் வழக்கம் பெரும்பாலும் அறுந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாசிப்பாட்டக் காலத்தில் குஞ்சு என்பது தனிப்பொருள் அல்ல. மழை கொண்டுவந்து தரும் கொடை. அதை வாங்கவோ விற்கவோ வேண்டிய தேவை பொதுவாக எழவில்லை. குஞ்சையும் ஒரு செல்வமாகப் பார்த்து, அது அழிகிறதே என்று கவலைப்பட்டவர்களில் முன்னோடி, சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1875க்கும் 1878க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்தது. அதற்கு முன் 1873இல் நன்னீர் மீன்வளம் குறித்து ஓர் அறிக்கையும் எழுதினார். அணைக்கட்டுகள் ஆற்றில் மேலேறும் சினைமீன்களைத் தடுக்கின்றன, வயல் வாய்க்கால்களில் வைக்கப்படும் நெருக்கமான பொறிகள் குஞ்சுகளைக் கூட்டங் கூட்டமாக வாரிவிடுகின்றன என்று முறையிட்டார். பாசனத்துக்காக ஆற்றை மறித்த அதே அரசிடம் ஓர் அரசு ஊழியர் இப்படி எழுதியது சுவாரசியமான செய்தி.

அடுத்து வந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்தின் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். விவசாயிகளுக்குக் கடன் வழங்கும் கிராம வங்கிகள் பற்றி 1890களில் சென்னை அரசுக்கு அவர் அளித்த அறிக்கைதான் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அடித்தளம். அதே மனிதர் 1905இல் மீன்வளத்தை ஆராயப் பணிக்கப்பட்டார். ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வித்திடப்பட்டது. மீனவரின் கையிலிருக்கும் தொழிலைப் படிப்படியாக மேம்படுத்த வேண்டும், வெளியிலிருந்து பெரிய இயந்திரங்களைக் கொண்டுவந்து திணித்துவிடக் கூடாது என்பது அவருடைய போக்கு. கடனையும் மீனையும் ஒரே மனத்தால் சிந்தித்தவர் என்பதால் அவரை இங்கே குறித்துவைக்கிறேன். கட்டுரையின் இறுதியில் அவர் தேவைப்படுவார்.

அவருக்குத் துணையாக, பின்னர் துறைக்கே தலைமையேற்றவர் ஜேம்ஸ் ஹார்னெல். இலங்கை முத்துக்குளிப்பில் அனுபவம் பெற்று வந்தவர். கர்னூல் பகுதியில் சுங்கேசுலாவில் 1911இல் ஒரு மீன்பண்ணை அமைக்கப்பட்டது. 1916இல் ஜாவாவிலிருந்தும் மொரீஷியசிலிருந்தும் கௌராமி மீன்கள் வரவழைக்கப்பட்டன. நீர்நிலையில் மீன் தானாக இருக்கும் என்ற எண்ணம் மாறி, மீனை வெளியிலிருந்து கொண்டுவந்து இடலாம் என்ற எண்ணம் தமிழகத்தில் காலூன்றியது இந்த ஆண்டுகளில்தான்.

*

கொண்டுவந்து இடுவது எளிதாக இருக்கவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஆற்றுப் பெருக்கில் மட்டுமே முட்டையிடும். குளத்தில் சினை பிடித்தாலும் முட்டை வெளிவராது. எனவே இந்தியா முழுமைக்கும் குஞ்சு கங்கையிலிருந்தும் அதன் கிளைகளிலிருந்தும்தான் வர வேண்டியிருந்தது. வெள்ள காலத்தில் ஆற்றோரம் நுண்வலை கட்டி வாரி, மண்பானைகளில் ஊற்றி, கல்கத்தாவுக்கு எதிரே ஹௌராவில் கொண்டுவந்து விற்பார்கள். பானைகள் ரயிலேறும். நீரில் காற்று கரைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால், கூடவே ஓர் ஆள் உட்கார்ந்து வழிநெடுகக் கையால் நீரை அலசிக்கொண்டு வருவார். கை ஓய்ந்தால் குஞ்சு சாகும். விற்ற பானையில் கட்லாவோடு வேறு எந்த மீன் கலந்திருக்கிறது என்பது ஆறுமாதம் கழித்துத்தான் வாங்கியவருக்குத் தெரியும். ஆற்றில் வாரியவருக்குக் கூலி, அலசியவருக்குக் கூலி, இலாபம் தரகருக்கு.

இந்த நிலையை மாற்றிய நாள் 1957 ஜூலை 10. ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, கே.எச். அலிக்குன்ஹி ஆகியோர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்திக் குளத்து மீனை முட்டையிடச் செய்தார்கள். ஒரு மீனின் தலையிலிருந்து எடுத்த கடுகளவுச் சுரப்பி இன்னொரு மீனுக்கு ஆற்றுவெள்ளம் வந்துவிட்டதாகச் சேதி சொன்னது எனலாம். அந்த நாளே இப்போது தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. பின்னர் அணையை ஒட்டி அரசு மீன்பண்ணை அமைந்தது. மதுரை வட்டாரத்துக் கண்மாய்களுக்குக் கங்கை அருகில் வந்துவிட்டது.

இங்கேதான் நாற்றங்கால் வருகிறது. ஒரு கிலோ எடையுள்ள ரோகு ஏறத்தாழ 2 லட்சம் முட்டையிடும். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நூலிழை. அதை நேரே கண்மாயில் விட்டால் விராலுக்கும் கெளுத்திக்கும் ஒருவேளை உணவு. எனவே சிறு குளத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து ஓர் அங்குலத்துக்கும், அடுத்த குளத்தில் இரண்டு மூன்று மாதம் வைத்து விரல் நீளத்துக்கும் வளர்க்க வேண்டும். முன்னதற்கு மீன்வளத்துறை வைத்த பெயர் ‘நாற்றங்கால் குளம்’. விரலளவுக் குஞ்சுக்கு ‘விரலி’. நீர்ப்பூச்சிகள் குஞ்சைத் தின்னாமலிருக்க எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை நீர்மேல் பரப்புவார்கள். மூச்சுக்காக மேலே வரும் பூச்சி மடியும், கீழே இருக்கும் இடம் குஞ்சுக்குப் பாதுகாப்பாகும். உணவு கடலைப் பிண்ணாக்கும் தவிடும். பெரிய முதல் வேண்டாம், பரந்த நிலம் வேண்டாம். நாள் தவறாத கவனம் வேண்டும்.

நாற்றங்காலின் பொருளாதாரம் மேலூர் விவசாயிக்கு விளக்கத் தேவையில்லாதது. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம். கால்வாயில் தண்ணீர் வரும்போது நாற்று தயாராக இருந்தால்தான் பயிர் பருவத்தில் நிற்கும். எனவே கிணறு உள்ளவர் முன்கூட்டியே நாற்றுப் பாவி, தமக்குப் போக மிச்சத்தை இல்லாதவருக்கு விற்பார். அறுவடைக்குக் காத்திராமல் முதலில் கைக்கு வரும் காசு அது. மீன்குஞ்சு வளர்ப்பிலும் சங்கதி இதுவேதான்: விளைச்சலின் நீண்ட காலத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துத் தனி வருமானமாக்குவது.

திலேப்பியாவின் கதை இதற்கு நேர்மாறானது. 1952இல் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட குஞ்சுகள் மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பில் வளர்க்கப்பட்டன. முட்டையைத் தாய் தன் வாய்க்குள்ளேயே அடைகாக்கும் மீன் அது. ஊசியும் வேண்டாம், நாற்றங்காலும் வேண்டாம். ஒருமுறை விட்டால் போதும், அடுத்த ஆண்டு யாரிடமும் குஞ்சு வாங்க வேண்டியதில்லை. ஏழையின் மீனாக அது பரவியதற்கும், உள்ளூர் மீன்களை நெருக்கித் தள்ளியதற்கும் காரணம் ஒன்றுதான்.

*

மண்டபம் வரை வந்துவிட்டதால் இனிக் கடற்கரைக்குள் நுழையலாம். பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் இக்கரையில் பருவந்தோறும் பால்மீன் குஞ்சுகள் ஓரத்து நீரில் கூட்டமாகத் தோன்றும். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள் மட்டும் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு மண்டபத்தில் நடந்த ஆய்வுகள், இவற்றைச் சேகரித்து உவர்நீர்க் குளங்களில் வளர்க்க முடியும் என்று காட்டின. ஆனால் அது ஒரு தொழிலாக இங்கே வேர்விடவில்லை.

கீழைக் கடலுக்கு அப்பால் அது பல நூற்றாண்டாகப் பெருந்தொழில். ஜாவாவின் ‘தம்பாக்’ எனப்படும் உப்புக்குளங்களும் பிலிப்பைன்சின் ‘பாங்குஸ்’ குளங்களும் கடற்கரையில் வாரிய பால்மீன் குஞ்சை நம்பியே இருந்தன. பிலிப்பைன்சில் குஞ்சுகளை எண்ணுபவர்கள் தவறாமலிருக்கப் பாட்டுப்போல இழுத்து எண்ணுவார்கள் என்பது படிக்க இனிமையான செய்தி. அவ்வளவு இனிமையில்லாத செய்தியும் உண்டு. குஞ்சு கிடைக்கும் கரையை நகராட்சிகள் ஏலம் விட்டன. ஏலம் எடுத்தவரிடம், அவர் சொன்ன விலைக்கே வாரியவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது. ஹௌராப் பானையின் கதையை வேறு மொழியில் கேட்பது போலிருக்கிறது.

மாற்றுவழி ஒன்று பாலித் தீவில் தோன்றியது. கொண்டோல் என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையம், பால்மீனை இனப்பெருக்கம் செய்யும் முறையை 1990களில் சுற்றுப்புற மக்களுக்குப் பரப்பியது. பெரிய தாய்மீன்களை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பராமரிக்க முதலும் இடமும் உள்ளவர்கள் அதைச் செய்தார்கள். முட்டையை மட்டும் வாங்கி, வீட்டுக் கொல்லையில் கட்டிய சிமெண்டுத் தொட்டிகளில் சுமார் மூன்று வாரம் வளர்த்துக் குஞ்சாக விற்பதைச் சாதாரணக் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. செலவு மிகுந்த பகுதியையும் உழைப்பு மிகுந்த பகுதியையும் பிரித்ததுதான் அங்கே நடந்த புதுமை. பின்னர் அதே தொட்டிகளில் களவா மீனின் குஞ்சையும் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

*

அதே 1990களில் நம் கடற்கரையில் நடந்தது வேறு. இறால் பண்ணைகள் வந்தன. தொடக்கத்தில் வரி இறாலின் குஞ்சும் இயற்கையிலிருந்தே எடுக்கப்பட்டது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் பெண்களும் சிறுவர்களும் மார்பளவு உப்புநீரில், முதலை பயத்தோடு, நுண்வலை இழுத்தார்கள். அங்கே இறால் குஞ்சுக்கே ‘மீன்’ என்றுதான் பெயர். ஓர் இறால் குஞ்சுக்காக எத்தனையோ பிற உயிர்களின் இளங்குஞ்சுகள் கரையில் கொட்டப்பட்டன. பிரான்சிஸ் டே கண்ட அழிவு நூற்றாண்டு கழித்து இன்னும் பெரிய அளவில் திரும்பியது.

தமிழகத்தில் வழக்கு வேறாக இருந்தது. கீழத்தஞ்சைக் கடலோரத்தில் விளைநிலங்கள் கைமாறிக் குளங்களாயின. உப்பு ஊறிய குடிநீர், வேலையிழந்த விவசாயக் கூலிகள், கடலுக்குப் போகும் வழி அடைபட்ட மீனவர்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குளங்கள் கூடாது, மரபுவழிப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்திலேயே வெண்புள்ளி நோய் பண்ணைகளைக் காலிசெய்யத் தொடங்கியிருந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பதிவும் விதிமுறைகளும் ஏற்பட்டன. 2009இல் வன்னமை இறாலுக்கு அனுமதி கிடைத்தது. பசிபிக் கடல் இறால் அது. அதன் தாய் இறால்கள் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து விமானத்தில் வந்திறங்கும். சுந்தரவனத்துப் பெண்ணின் கையிலிருந்த குஞ்சு இப்போது கடல்கடந்த வளாகத்துக்குப் போய்விட்டது. அவளுடைய வலை ஓய்வு பெற்றது நல்லதுதான். ஆனால் அவளுக்கு மாற்றாக என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் குறைவு.

*

இந்தப் பின்னணியில்தான் கொடுவா மீனின் முக்கியத்துவம் புரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997இல் முட்டுக்காட்டில் கொடுவாவைப் பிடியில் வைத்து இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. இந்தியாவில் அதுவே முதல்முறை. 2015இல் அதே நிலையம் பால்மீனிலும் வெற்றி பெற்றது. மண்டபத்தில் அரைநூற்றாண்டுக்கு முன் நினைத்தது அப்போதுதான் கைகூடியது. இடையே மண்டபத்தில் 2010இல் கடல்விராலும் 2011இல் வெள்ளி வாவல் போன்ற தோற்றமுடைய பொம்பானோவும் குஞ்சு பொரித்தன. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலோர வாழ்வாதாரம் பற்றிய பேச்சு பெருகியபோது இந்த அறிவியல் கைவசம் இருந்தது.

கொடுவா விலையுள்ள மீன். உப்புநீரிலும் நன்னீரிலும் வளரும். ஆனால் குணம் பொல்லாதது. குஞ்சுப் பருவத்தில் கூடப்பிறந்ததையே விழுங்கும். சற்றே பெரியது சற்றே சிறியதைத் தின்றுவிடும். பொரிப்பகத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் வெளிவரும் குஞ்சை நேரே பெருங்குளத்தில் விட்டால் பாதி தேறினாலே அதிர்ஷ்டம். மூன்று நான்கு அங்குலம் வரை அடைத்து வளர்க்க வேண்டும். சில நாளுக்கொருமுறை அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்து விட வேண்டும். உணவை ஒரே நேரத்தில், சிறுகச் சிறுக, பல வேளை தர வேண்டும். இயந்திரத்தால் இதைச் செய்யலாம், செலவாகும். பொறுமையுள்ள கைகள் இருந்தால் குறைந்த செலவில் நடக்கும். மீனின் இந்தப் பொல்லாத குணம்தான் ஏழைக்கு ஓர் இடத்தைத் திறந்துவைக்கிறது.

கழியில் மூங்கில் நட்டு, அவற்றில் கொசுவலை போன்ற நெருக்கமான வலையால் தைத்த பெட்டிகளைக் கட்டுவார்கள். ‘ஹாப்பா’ என்பது அதன் பெயர். ஒரு கட்டில் அளவுதான் இருக்கும். நிலம் வாங்க வேண்டியதில்லை, மண்ணை உப்பாக்குவதில்லை. ஆராய்ச்சி நிலையம் சென்னைக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடலோரக் கழிகளில் இருளர் குடும்பங்களையும் பெண்கள் சுய உதவிக் குழுக்களையும் இதில் பழக்கியது. கழியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து வாழும் மக்கள் அவர்கள். நீரின் போக்கும் மீனின் நடத்தையும் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒன்றரை, இரண்டு மாதத்தில் விரலி தயாராகிறது. வளர்ப்புக் குளம் வைத்திருப்போர் வாங்கிக்கொள்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீண்டது. ஒரு விரலிச் சுற்றும் ஏறக்குறைய அதே அளவு. பாக் நீரிணையில் படகுகள் பெருகி, கடல் சுருங்கிவரும் நிலையில், கடலுக்குப் போகாத நாளிலும் உலை கொதிக்க இப்படியொரு வழி இருப்பது சிறிய விஷயமன்று.

*

சிறிய விஷயமன்று என்பதாலேயே அதன் நலிவுகளையும் சொல்ல வேண்டும். நாற்று முற்றினால் நடவுக்கு ஆகாது. விரலியும் அப்படியே. வாங்குபவர் ஒரு மாதம் தாமதித்தால் குஞ்சு தீனி தின்றுகொண்டே போகும், ஒன்றையொன்றும் தின்னும். வளர்த்தவர் கேட்ட விலைக்கு விடுவார். பொரிப்பகம் ஒன்றே, வாங்குபவரும் ஒருவரே என்றால் நடுவிலுள்ள குடும்பம் மீண்டும் கூலியாள்தான். பெருமழையில் கழியின் உப்பு ஒரே இரவில் மாறும். தன் பெயரில் எந்த உரிமையுமில்லாத நீரில் கட்டிய வலையை நாளை யாரும் அவிழ்க்கச் சொல்லலாம்.

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் அறிவியல் ஒவ்வொரு முறையும் குஞ்சைப் பெருக்கியே தந்திருக்கிறது. ஆனால் அதன் வருவாய் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை முடிவு செய்தது ஏற்பாடுதான். ஹௌராவில் தரகர், பிலிப்பைன்சில் ஏலதாரர், கீழத்தஞ்சையில் பண்ணை முதலாளி. கொண்டோலில் மட்டும் ஓரளவுக்கு வீட்டுக் கொல்லை. எனவே கொடுவாக் குஞ்சு வளர்ப்பில் பயிற்சியும் மானியமும் பாதி வேலைதான். குஞ்சைக் கூட்டாக வாங்கவும், விரலியைக் கூட்டாக விற்கவும், விலை படியாத மாதத்தைத் தாங்க ஒரு கைமாற்றுக் கடன் கிடைக்கவும் சங்கம் வேண்டும். கழியின் மேல் அந்தக் குடும்பங்களுக்கு எழுத்தில் ஓர் உரிமை வேண்டும். மீன்வளத்துக்கு வருமுன் கிராம வங்கியைப் பற்றி எழுதியவர் நிக்கல்சன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2020இல் மத்திய அரசு பெருந்தொகையோடு அறிவித்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

மேலூர்க் கண்மாய்க்கும் இது பொருந்தும். ஊரே பொதுப்பணத்தில் குஞ்சு வாங்கி விட்ட கண்மாயில் வெள்ளைத் துண்டு வீசப்படும்போது, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. குத்தகைதாரர் விட்ட கண்மாயில் அதே மீன் வேனில் ஏறிச் சந்தைக்குப் போகிறது. இரண்டுக்கும் குஞ்சு வைகை அணைப் பண்ணையிலிருந்தே வந்திருக்கலாம். பழைய பாசிப்பாட்டத்தில் ஊருக்கும் நீருக்கும் இருந்த கணக்கு அறுந்துபோனது கண்மாயில். கழியில் அந்தக் கணக்கை இப்போதுதான் எழுதத் தொடங்குகிறார்கள்; முதல் வரியிலேயே வளர்ப்பவர் பெயர் இருக்கட்டும்.